மொட்டைப்பாறையில் ஏறுவதும் தங்குவதும்: கேள்வி பதில்

மலைப்பாறைகளில் ஏறி, இரவு கூடாரமடித்துத் தங்க நினைக்கும் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, நண்பர்கள் முதன்முறையாகப் பெரிய மொட்டைப்பாறை ஒன்றில் ஏறப்போகிறோம். கயிறு வேண்டுமா?

பதில்: கை ஊன்றாமல் நிமிர்ந்து நடக்க முடிகிற சரிவுக்குக் கயிறு வேண்டாம், தம்பி. கை ஊன்ற வேண்டிய இடம் வந்தால் நின்றுவிடுங்கள். இதே வழியில் இறங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஏறும்போது கண்ணுக்கு எதிரே பாறை இருக்கிறது. இறங்கும்போது பள்ளம்தான் தெரியும். பயத்தில் உடல் பின்பக்கம் சாயும், பாதத்தின் பிடி போய்விடும். முழங்காலைச் சற்று மடக்கி, உள்ளங்கால் முழுவதும் பாறையில் பதியும்படி, சின்னச் சின்ன அடியாக இறங்க வேண்டும். அடிவாரத்திலேயே கொஞ்சம் ஏறி இறங்கிப் பழகுங்கள். பழக்கமில்லாதவர்கள் ஒருவரோடு ஒருவர் கயிறு கட்டிக்கொள்வது இன்னும் ஆபத்து. பாறையில் உறுதியாகப் பிணைக்காத கயிறு, வழுக்கியவரோடு மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: மழை விட்டு வெயில் வந்துவிட்டால் ஏறலாமா?

பதில்: எந்தப் பாறை என்று பாருங்கள். கருங்கல் என்றால் மேற்பரப்பு நன்றாகக் காய்ந்தால் போதும். ஆனால் தண்ணீர் வழிந்த கறுப்புப் பட்டைகளில் கால் வைக்கக் கூடாது, அங்கே பாசி இருக்கும். மணற்கல் வேறு ரகம். நீர் உள்ளே இறங்கி, மணலைப் பிணைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. மேலே காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும், பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும். ஓரிரு நாளாவது பொறுத்திருங்கள். பெருமழை என்றால் இன்னும் கூடுதலாக.

கேள்வி: உச்சியில் இருக்கும்போது இடி மின்னல் வந்தால், பாறைக் குடைவுக்குள் ஒதுங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மழைக்கு நல்ல ஒதுக்கிடம் மின்னலுக்குப் பொறியாகிவிடும். பாறையில் இறங்கும் மின்சாரம் குடைவின் கூரையிலிருந்து தரைக்குத் தாவும்போது, நடுவில் இருப்பவரின் உடல் வழியாகப் பாயக்கூடும். கூடாரமும் காப்பாற்றாது.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நீங்கள் நிற்கும் இடத்திலேயே விழலாம். உடனே இறங்குங்கள். தனித்த மரத்தையும் நீரோடும் பள்ளத்தையும் தவிர்த்து, ஒருவருக்கொருவர் நன்றாக இடைவெளி விட்டுச் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே திரும்பக் கூடாது.

உண்மையில் இந்த முடிவைக் காலையிலேயே எடுத்திருக்க வேண்டும். மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். முற்பகலில் உச்சியைத் தொட்டு, மேகம் கோபுரமாக எழும்பத் தொடங்கும்போது இறங்கிக்கொண்டிருப்பவர்களே என் கணக்கில் நல்ல மலையேறிகள்.

கேள்வி: இந்தப் பாறைகள் ஏன் இவ்வளவு வழவழப்பாக, உருண்டையாக இருக்கின்றன?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கருங்கல் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் இறுகியது. மேலிருந்த சுமை அரிக்கப்பட்டுப் போனதும் பாறை விரிகிறது. வெங்காயத் தோல் போல, மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளந்து கழல்கிறது. முனைகள் முதலில் உதிர்வதால் உருண்டை வடிவம் மிஞ்சுகிறது. அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையின் வளைந்த முதுகு இப்படி வந்ததுதான். இதில் உங்களுக்கும் பயன் உண்டு: விரலால் தட்டும்போது வெற்றொலி வந்தால், அந்த ஏடு கழன்றுகொண்டிருக்கிறது. அதில் எடையை வைக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு பிள்ளைகளோடு போகிறோம். கூடாரத்தை எங்கே அடிப்பது?

பதில்: உச்சியில் வேண்டாம் அம்மா, காற்றும் விளிம்பும் இரவில் பிள்ளைகளுக்கு ஆகாதவை. செங்குத்துப் பாறையின் நேர் அடியிலும் வேண்டாம். அங்கே புது உடைவோடு வெளிறிய கற்கள் கிடந்தால், கல் விழுகிற இடம் என்று பொருள். பாறை மண்ணைப் போல நீரை உறிஞ்சாது, பெய்ததில் பெரும்பகுதி உடனே வழிந்தோடும்; காய்ந்து கிடக்கும் சிறு ஓடைகூட நிமிடங்களில் பெருகிவிடும். ஆகவே சற்று மேடான மண் தரையைத் தேடுங்கள். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், பிள்ளைகளுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அடியில் விரிக்க ஒரு தடித்த பாய்.

கேள்வி: பாறை மேல் நெருப்பு மூட்டலாமா?

பதில்: கூடாது. சூட்டில் மேற்படலம் வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். கரிக்கறை மழைக்கும் எளிதில் போகாது. சிறிய அடுப்பு போதும். ஆனால் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கிவிடும்.

கேள்வி: பாறைக்குழிகளில் தேங்கிய நீரில் குளிக்கலாமா? குடிக்கலாமா?

பதில்: குளிக்காதீர்கள். அதில் நுண்ணிய இறால் வகைகள் வாழக்கூடும். குழி வறண்டாலும் அவற்றின் முட்டைகள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சோப்பு அவற்றை அழித்துவிடும். வேறு நீரே இல்லையென்றால் மட்டும் கொஞ்சம் எடுத்து, ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள். 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் உலூருப் பாறைக்குப் போகிறேன். ஏற முடியுமா?

பதில்: முடியாது. 26 அக்டோபர் 2019 முதல் ஏறுவது தடைசெய்யப்பட்டுள்ளது. அந்த நிலத்துக்குரிய அனங்கு மக்களுக்கு அது புனிதமானது. ஏறாதீர்கள் என்று அவர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். தடை வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பாறையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைபாதை உண்டு. வெயில் ஏறுவதற்குள் முடியும்படி விடியலிலேயே தொடங்குங்கள், தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.