நரம்பு பிளாக் ஊசி: போடும் முன் கேட்க வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 56. பத்து மாதமாக இடுப்பில் தொடங்கி இடது கால்வரை வலி இழுக்கிறது. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. மாத்திரையும் பிசியோதெரபியும் போதவில்லை, நரம்பு பிளாக் ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். நரம்பு செத்துக் கால் விழுந்துவிடுமா? வலி நிரந்தரமாகப் போகுமா? எனக்குச் சர்க்கரை உண்டு. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் எடுக்கிறேன்.

பதில்: இந்த ஊசி நரம்பைச் சாகடிப்பதில்லை. பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அந்த வகை மரப்பு மருந்துதான் இதிலும்: லிடோகெயின் அல்லது பியூபிவகெயின். நரம்பு வழியாக வலிச் செய்தி ஓட, சோடியம் அயனிகள் நரம்புக்குள் நுழைய வேண்டும். அந்த வாசலை மருந்து சில மணி நேரம் அடைத்து வைக்கிறது, பிறகு தானாகத் திறந்துவிடும். அன்று கால் மரத்தோ கனத்தோ இருக்கலாம். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். நரம்பையே அழிக்கும் ஆல்கஹால், ஃபீனால் ஊசிகளும் உண்டு. அவை பெரும்பாலும் புற்றுநோய் வலிக்கானவை. உங்களுக்குச் சொல்லியிருப்பது அதுவல்ல.

மரப்பு மருந்தோடு பெரும்பாலும் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். டிஸ்க் அழுத்துவதால் மட்டும் வலி வருவதில்லை. நரம்பு வேரை, அதாவது தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடத்தை, சுற்றியுள்ள அழற்சியும் காரணம். அதைத்தான் ஸ்டீராய்டு தணிக்கிறது. ஆனால் அது வேலையைத் தொடங்க இரண்டு மூன்று நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். இடையில் பழைய வலி திரும்பும், சிலருக்கு ஓரிரு நாள் கூடவும் செய்யும். அதற்குள் ‘ஊசி வீண்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊசி நன்றாக வேலை செய்தால் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை நிம்மதி கிடைக்கும். சிலருக்குப் பலன் இல்லாமலும் போகும். நிரந்தரத் தீர்வு என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “இந்த ஊசி வலியைக் குறைக்கவா, வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவா?” வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவதுண்டு. எனவே படத்தை மட்டும் வைத்து இந்த நரம்புதான் என்று சொல்லிவிட முடியாது. சந்தேகப்படும் நரம்பு வேரில் மட்டும் கொஞ்சம் மருந்து செலுத்தி, அடுத்த சில மணி நேரத்தில் கால் வலி நன்றாக இறங்கினால் மூலம் அதுதான் என்பதற்கு நல்ல சான்று. இந்தச் சோதனையின் பாதி உங்கள் கையில் இருக்கிறது. ஊசிக்கு முன் 10க்கு எத்தனை வலி, அரை மணியில் எத்தனை, அப்புறம் தூங்கப் போகும்வரை மணிக்கொரு முறை எத்தனை என்று எழுதி வையுங்கள். நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் எதுவும் தெரியாது. எந்த அசைவில் வழக்கமாக வலிக்குமோ, மரப்பால் கால் தளர்ந்திருக்கவில்லை என்றால், அதைக் கவனமாகச் செய்து பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது ஊசியைவிட, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் அந்த மாத்திரைதான். முதுகெலும்பருகே ரத்தம் கசிந்து கட்டினால் தண்டுவடத்தை அழுத்தும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் ஊசி போடுபவரும் பேசி முடிவு செய்யட்டும். ஸ்டீராய்டால் சர்க்கரை சில நாட்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஏறியிருக்கும். வீட்டில் தினமும் பார்த்து வாருங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகில் போடும் இந்த ஊசியை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, சாய மருந்து செலுத்தி ஊசிமுனை ரத்தக்குழாயில் இல்லை என்று உறுதி செய்தே போட வேண்டும். பக்கவாதம் போன்ற கடும் பாதிப்பு அரிதுதான் என்றாலும் உண்டு. 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரித்தது. வலி குறைந்ததும் நின்றுபோன பிசியோதெரபியை மறுபடி தொடங்குங்கள். வலியால் செய்ய முடியாமல் போன பயிற்சிகளுக்கு அதுதான் நேரம்.

காய்ச்சல், எழுந்து உட்கார்ந்தால் கூடும் கடும் தலைவலி, நேரம் ஆக ஆகக் கூடும் கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சியின்மை: இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கடைசி மூன்றும் ஊசி போடாமலேயே வந்தாலும் அப்படித்தான்.