ஊருக்கும் கொடுத்து, குடும்பத்தையும் பார்த்து, மளிகைக் கடை நடத்த முடியுமா?

கடன் கேட்டு வருபவர்களிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கடையும் நிற்க வேண்டும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுத்துக்கொண்டே கடை நடத்தலாம். ஆனால் கடனையும் கொடையையும் ஒரே நோட்டில் எழுதக் கூடாது. நல்ல மனசுக்காரர் பலர் நொடித்துப்போன இடம் இதுதான்.

முதலில் கணக்கு. ஒரு நாளைக்கு 20,000 ரூபாய் விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6 லட்சம். மளிகையில் எல்லாச் சரக்கையும் கலந்து பார்த்தால் 12 சதவீதம் நின்றாலே நல்ல கடை, அதாவது 72,000. வாடகை 9,000, இரண்டு பேர் சம்பளம் 24,000, கரண்ட் 4,000, வண்டிக்கூலி, கவர் 3,000, எலி கடித்தது, வண்டு விழுந்தது, தேதி முடிந்தது என்று 6,000. கையில் மிஞ்சுவது 26,000. இந்தக் கடையில் 5,000 ரூபாய் பாக்கி வராமல் போனால், அதை ஈடுகட்ட இன்னும் 42,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். பாக்கித் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எட்டு மடங்கை நினைவில் வையுங்கள்.

விற்பனையில் கால் பங்கு கடனில் போய், ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறது என்றால் ஒன்றரை லட்சம் வெளியில் நிற்கிறது. மொத்தக் கடைக்காரரோ பத்து நாளில் பணம் கேட்பார். கல்லாவில் இருக்காது. அப்போது தண்டல்காரர் வருவார்: 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்கிக்கொள்வார். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக்கணக்கில் அது 80 சதவீத வட்டி. பன்னிரண்டு சதவீதம் நிற்கும் தொழில் அதைத் தாங்காது.

அதனால் கடனுக்கு அளவு வேண்டும். அந்த அளவை வாங்குபவரின் கூலி நாளை வைத்து முடிவு செய்யுங்கள். வாரக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு வாரச் சாமான், மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதச் சாமான். பழைய பாக்கி தீராமல் புதுச் சிட்டை போடாதீர்கள். நோட்டு இரண்டு இருக்கட்டும்; ஒன்று கடையில், ஒன்று அவர்கள் கையில். இரண்டிலும் சரக்கு நிறுக்கும்போதே எழுத வேண்டும். இரவில் ஞாபகத்திலிருந்து எழுதும் கணக்கில்தான் சண்டை வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: பாக்கி வைத்தவர் வெட்கப்பட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய் ரொக்கத்துக்கு வாங்குவார். உங்களுக்குப் பணமும் போச்சு, வாடிக்கையும் போச்சு. உண்மையிலேயே கட்ட முடியாத குடும்பம் என்று தெரிந்தால், நீங்களே கூப்பிட்டு, "அது முடிஞ்சது அக்கா, வழக்கம்போல வாங்க" என்று சொல்லி, அவர்கள் எதிரிலேயே நோட்டில் அந்தப் பாக்கியை அடித்துவிடுங்கள். அந்தத் தொகையைக் கொடைக் கணக்கில் ஏற்றுங்கள். அரைகுறையாக மனதில் வைத்திருக்கும் பாக்கியைவிட இது இரண்டு பக்கமும் நல்லது.

கொடைக்கு எங்கிருந்து பணம்? விருதுநகர், சிவகாசி வியாபாரிகளின் மகமை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். லாபம் வந்தால் பார்க்கலாம் என்று அவர்கள் விடவில்லை. சரக்கு கைமாறும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையை எடுத்து வைத்தார்கள். கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதில் நடந்தன. காமராசர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் சேர்ந்தது. உங்கள் கடையில் விற்பனையில் அரை சதவீதம் என்றால் தினம் 100 ரூபாய், மாதம் 3,000. கடை அடைக்கும்போது தனி டப்பாவில் போடுங்கள். ஒரு மாதம் டப்பா தீர்ந்துபோனால், அடுத்த மாதப் பங்கிலிருந்து முன்கூட்டி எடுக்காதீர்கள்.

பணத்தைவிடச் சரக்காகக் கொடுப்பது மேல். கொள்முதல் விலையில் 3,000 ரூபாய் என்றால் வாங்குபவருக்கு அது 3,400 ரூபாய்ச் சாமான். இழவு வீட்டுக்கு அரிசி, சர்க்கரை, காப்பித்தூள். ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு நோட்டு. மற்றவர்கள் நிற்கும்போது கொடுக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குபவருக்குப் போடும் அதே பையில் போட்டுக் கொடுங்கள். ஜிஎஸ்டியில் கொள்முதல் வரியைக் கழித்துக்கொள்பவர் என்றால், இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு அந்தக் கழிவு கிடையாது, திருப்ப வேண்டும். கொள்முதல் வரியைக் கழிக்காமல், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்பு (காம்போசிஷன்) முறையில் இருப்பவருக்கு இந்த வேலை இல்லை.

கடைப் பையன்களையும் மறக்க வேண்டாம். உட்கார இருக்கை போடுங்கள்; தமிழ்நாட்டில் 2021 திருத்தத்துக்குப் பிறகு அது சட்டம். முன்பணம் கொடுத்தால் ஒரே மாதத்தில் பிடிக்காதீர்கள்.

வீட்டுக்கு, கல்லாவில் கைவிட்டு எடுக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒன்றாம் தேதி 18,000 என்று சம்பளமாக எடுங்கள். மேலே சொன்ன கணக்கில் கொடை போக மிஞ்சும் 5,000 கடைக்கு முதலாக நிற்கும். வீட்டுக்குப் போகும் பருப்பும் எண்ணெயும்கூட நோட்டில் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை மனைவியோடு உட்கார்ந்து பேரேட்டைப் பாருங்கள். திடீரென்று உங்களுக்கு ஏதாவது ஆனால், நோட்டில் "வடக்குத் தெரு அக்கா 2,300" என்று மட்டும் இருந்தால் உங்கள் மனைவி யாரிடம் போய்க் கேட்பார்? முழுப் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். வருடம் ஒருமுறை, புதுக்கணக்கு போடும் நாளில், நின்ற பாக்கிக்குக் கீழே தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சரக்குக் கடனை மூன்று வருடத்துக்குள்தான் கோர்ட்டில் கேட்க முடியும். அந்தக் கெடு முடிவதற்குள் வாங்கும் கையெழுத்து, அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் தரும்.