அன்லிஸ்டட் ஷேர் வாங்க, விற்க: உங்கள் கேள்விகள்

பங்குச்சந்தையில் பட்டியலாகாத கம்பெனிப் பங்குகளை வாங்குவது, விற்பது பற்றி மட்டும் கேளுங்கள். எது ஏறும் என்று கேட்பவர்கள் ஜோசியரைப் பார்க்கவும்.

கார்த்திக், திருப்பூர்: சார், டீலர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலையை நம்பலாமா?

அது விலை இல்லை தம்பி, அவர் கேட்கும் தொகை. வாங்குகிறவராக ஒருமுறை விசாரியுங்கள். மறுநாள் நண்பரை விட்டு அதே ஷேரை விற்கிறவராக விசாரிக்கச் சொல்லுங்கள். உங்களிடம் 1,000 சொன்னவர் அவரிடம் 900 சொன்னால், வாங்கிய அன்றே நூறு ரூபாய் போய்விட்டது என்று அர்த்தம். மூன்று டீலர்களிடம் இப்படிக் கேட்டால் உண்மை எங்கே இருக்கிறது என்று ஓரளவு பிடிபடும். பிறகு விலையைக் கம்பெனியின் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வரும் மதிப்பை, அதே தொழிலில் உள்ள, பட்டியலான கம்பெனியின் மதிப்போடு ஒப்பிடுங்கள். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

செல்வி: பணம் முதலில் போகுமா, ஷேர் முதலில் வருமா?

நல்ல கேள்வி. வாங்கும்போது நம் பணம் முதலில் போகும். விற்கும்போது நம் ஷேர் முதலில் போகும். இரண்டிலும் முதலில் கையை நீட்டுவது நாம்தான். எக்ஸ்சேஞ்சில் என்றால் நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் பொறுப்பேற்கும். இங்கே அப்படி யாரும் இல்லை. அன்லிஸ்டட் ஷேர்களை விற்கும் ஆன்லைன் தளங்களைப் பற்றி 2024 டிசம்பரில் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியே எச்சரித்தது. அதனால் முதல்முறை சிறிய அளவில் வாங்கிப் பாருங்கள். பணம் டீலர் கம்பெனி பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போக வேண்டும், தனிநபர் ஜிபேக்கு வேண்டாம். ஐஎஸ்ஐஎன் எண் (அந்த ஷேரின் அடையாள எண்) பில்லில் இருக்கட்டும்.

மோகன்: சிஎஸ்கே ஷேர்?

இந்தியா சிமென்ட்ஸிலிருந்து அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தபோது அதன் பங்குதாரர்களுக்குக் கிடைத்தது, அதனால்தான் வெளியில் இத்தனை புழங்குகிறது. தோனிக்காக வாங்குவதென்றால் மேட்ச் டிக்கெட் வாங்குங்கள்.

ராஜா: ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வந்தால் லாபம் நிச்சயம்தானே? டாடா டெக் 500க்கு வந்து 1,200இல் பட்டியலானதே!

எச்டிபி ஃபைனான்ஷியலைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். வெளியில் 1,200க்கு மேல் கைமாறியது. 2025 ஜூனில் ஐபிஓ விலை 740. பட்டியலான அன்று 835. தவிர, ஐபிஓவுக்கு முன்பே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத லாக்-இன் உண்டு, அதுவரை விற்க முடியாது. டாடா டெக்கின் அந்த 1,200இல் நீங்கள் விற்றிருக்கவே முடியாது.

ராஜா: ஒன்றை வைத்து எல்லாவற்றையும் சொல்லாதீர்கள்.

சரி, இரண்டாவது. ரிலையன்ஸ் ரீட்டெய்ல், 2023. ஐபிஓவே வரவில்லை. சிறு பங்குதாரர்களின் ஷேர்களை 1,362 ரூபாய் கொடுத்து ரத்து செய்தார்கள். வெளிச்சந்தையில் அதைவிட மிக அதிக விலைக்கு வாங்கியவர்கள் பலர்.

விமலா: ராஜா சார் சொல்வதிலும் நியாயம் இருக்கே, லாபம் பார்த்தவர்களும் உண்டு.

உண்டு மேடம், மறுக்கவில்லை. "நிச்சயம்" என்றாரே, அதைத்தான் மறுக்கிறேன். டீலர் சொல்லும் விலைக்கு உங்களிடமிருந்து வாங்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஷாகுல்: வரி?

வாங்கி 24 மாதம் தாண்டி விற்றால் லாபத்தில் 12.5%, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி ஸ்லாப்படி. பட்டியலான பங்குகளுக்குள்ள 1.25 லட்சம் விலக்கு கிடையாது. ஐடிஆர்-1 என்ற எளிய வரிக்கணக்குப் படிவம் போட முடியாது, மறந்துவிடாதீர்கள்.

தேவி: அப்பா பெயரில் காகித சர்டிபிகேட் இருக்கிறது.

கம்பெனியின் ஆர்டிஏவை (பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனம்) பாருங்கள். பப்ளிக் கம்பெனி என்றால் டீமேட் (மின்னணு வடிவம்) ஆக்காமல் கைமாற்ற முடியாது, 2018 அக்டோபர் முதல் அப்படித்தான்.

பாலா: எந்த டீலர் நல்லவர்? வாட்ஸ்அப்பில் வரும் விலை சரியா?

பெயர் சொல்ல மாட்டேன். இரண்டாவதற்குக் கார்த்திக்குக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனு: பணம் தனிநபர் கணக்குக்கு அனுப்பிவிட்டேன், பத்து நாளாக ஷேர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இப்போதே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம்.