கற்றுக்கொடுத்தவருக்கு என்ன எழுதுவது? மேடைக்குப் பின்னால்: கேள்வி – பதில்

கேள்வி: நேரடி நிகழ்ச்சிகளில் ஷோ காலராக, அதாவது லைட், சவுண்ட் ஆட்களுக்கு எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று ஹெட்செட்டில் சொல்பவனாக வேலை பார்க்கிறேன். கேபிள் இழுக்கும் பையனாக வந்த என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் சவுண்ட் இன்ஜினியர், இன்னொருவர் ஸ்டேஜ் மேனேஜர். இருவருமே இப்போது வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். போன் போட்டால் "எப்படி இருக்கீங்க சார், உடம்பு எப்படி இருக்கு" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. என்ன சொல்வது?

பதில்: பேச வரவில்லை என்றால் எழுதிவிடுங்கள். நம் ஆட்கள் ஹெட்செட்டில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், ஆனால் அதெல்லாம் வேலைப் பேச்சு. மனசில் இருப்பதைப் பேசிப் பழக்கமில்லை, அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. கடிதம் என்றால் அவர் தனியாக உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொள்வார்.

"நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை யார் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை எடுத்து, அதை இன்றைக்கும் நீங்கள் எங்கே எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு முதலில் வேலை சொல்லிக்கொடுத்தவர் கேபிளை முழங்கையில் சுற்ற விடமாட்டார். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி முறுக்கேறிக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் பாட்டு நடுவில் கரகரவென்று ஆரம்பிக்கும். ஒரு சுற்றை நேராகப் போட வேண்டும், அடுத்த சுற்றுக்கு மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும், இப்படியே மாற்றி மாற்றி. முதல் சுற்றில் ஏறின முறுக்கை அடுத்த சுற்று எடுத்துவிடும். அப்புறம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினால் முடிச்சே விழாமல் நேராக ஓடும். வாயால் சொல்லி எனக்குப் புரியாதபோது அவர் பின்னால் வந்து நின்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். என் கடிதத்தில் நான் எழுதியது அதைத்தான், இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நானும் மணிக்கட்டைப் பிடித்துத்தான் காட்டுகிறேன் என்பதையும் சேர்த்து. அடுத்த நாளே கூப்பிட்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலே அப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது. மேடை ஒளியமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகரின் முகத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் 45 டிகிரி கோணத்தில் ஒளி, ஒரு பக்கம் சற்று மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம் என்று ஒரு முறையை வகுத்து யேல் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ். அவரிடம் 1930களின் தொடக்கத்தில் படித்தவர் ஜீன் ரோசென்தால், மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கு ஒளியமைத்தவர். ரோசென்தாலிடம் வேலை பழகியவர் தாமஸ் ஸ்கெல்டன், ஸ்கெல்டனிடம் கற்றுக்கொண்டவர் ஜெனிஃபர் டிப்டன். நாலு பேருமே ஒளியமைப்பில் பெரிய பெயர்கள். உங்கள் சவுண்ட் இன்ஜினியருக்குப் பின்னாலும் இப்படி ஒரு வரிசை இருக்கும். கடிதத்தில் அதைக் கேளுங்கள், "உங்களுக்கு யார் சார் சொல்லிக்கொடுத்தது?" என்று. அந்த ஒரு கேள்வியில் அவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் சால்வையில் கிடைக்காது.

ஸ்டேஜ் மேனேஜருக்கு எழுத உங்களிடம் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் எந்த லைட், எந்தச் சத்தம் வர வேண்டும் என்ற குறிப்புகள், அதாவது க்யூக்கள், இருக்கும் க்யூ புத்தகத்தைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒத்திகை முடியும்வரை க்யூ மாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வேறொருவர் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய நிகழ்ச்சியை நடத்திவிட வேண்டும், அவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும். மேடையில் என்ன நடந்தாலும் ஹெட்செட்டில் குரல் ஏறக்கூடாது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தா கற்றீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றீர்கள். எந்த நிகழ்ச்சியில் எந்த இடத்தில் அவரைப் பார்த்துக் கற்றீர்கள் என்று எழுதுங்கள். அவருக்கு அது மறந்தே போயிருக்கும்.

இன்னொன்று. நாம் குரு என்று நினைக்காத சிலரும் இருப்பார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள். ஒரு மானிட்டர் இன்ஜினியர், அதாவது மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும் சத்தத்தைக் கவனிப்பவர், முதல் நாளே என் கையில் காதடைப்பான் இரண்டைத் திணித்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் காதுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு நாளில் 85 டெசிபல் சத்தத்துக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். நாம் நிற்கும் இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கும் எனக்கு மெல்லிய சத்தம் கேட்கிறது என்றால் அதில் அவர் பங்கு இருக்கிறது. அவருக்கும் எழுதினேன்.

கேள்வி: எனக்கு ரிக்கிங், அதாவது லைட், ஸ்பீக்கர்களை மேலே தொங்கவிடும் வேலை, கற்றுக்கொடுத்தவர் எல்லார் முன்னாலும் கத்துவார், கேவலமாகத் திட்டுவார். ஆனால் இன்று என் ஆட்கள் பத்திரமாக வேலை செய்கிறார்கள் என்றால் அவரிடம் கற்றதால்தான். அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

பதில்: கற்றுக்கொடுத்ததற்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக ஒரு சேஃப்டி வயர், மேலே ஏறுமுன் பாக்கெட்டைக் காலி செய்வது, ஸ்பேனரைக் கயிற்றில் கட்டிக்கொள்வது, தொங்கும் பாரத்தை இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் பின்னை இன்னொரு தடவை கையால் தொட்டுப் பார்ப்பது – இதெல்லாம் அவர் கொடுத்தது என்றால் அப்படியே எழுதுங்கள். லைட் மாட்டும் இரும்புச் சட்டமான ட்ரஸ் மேலே ஏறும்போது அடியில் நிற்பவனைப் பார்த்துக் கத்தியிருந்தால் அதற்கும் நன்றி சொல்லலாம், அந்த இடத்தில் கத்தத்தான் வேண்டும். ஆனால் வேலை முடிந்து எல்லாரும் நிற்கும்போது ஒருவரைக் கூனிக்குறுக வைப்பது பாடம் இல்லை, அது இல்லாமலும் உங்களுக்கு ஷேக்கிள் பின்னைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்திருக்கும். "நீங்கள் திட்டியதால்தான் நான் உருப்பட்டேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் அதை நம்பி அடுத்த பையனிடமும் அதையே செய்வார். நேரில் போகவும் கட்டாயமில்லை, நாலு வரி மெசேஜ் போதும்.

கேள்வி: என்னை லைட்டிங்குக்குக் கொண்டுவந்தவர் போன வருடம் இறந்துவிட்டார். கடைசிவரை நான் சொல்லவே இல்லை. இனி யாரிடம் சொல்வது?

பதில்: அவர் வீட்டில் சொல்லுங்கள். நம் தொழிலில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பண்டிகைக்கு வீட்டில் இல்லை, பிள்ளையின் பள்ளி விழாவுக்கு வரவில்லை, விடிகாலையில் வந்து தூங்கினார் என்பதுதான். அந்த ராத்திரிகளில் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், கூட இருந்தவர்கள் அவரை எவ்வளவு மதித்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது, கிரெடிட்டில் பெயர் வந்திருந்தாலும் அதிலிருந்து என்ன புரியும்? அவர் ஒளியமைத்த மேடையின் போட்டோ இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த நீல வெளிச்சம் அவர் போட்டது, இதற்காக ராத்திரி முழுக்க ஏணியில் நின்றார் என்று காட்டிச் சொல்லுங்கள். அழுவார்கள், நீங்களும் அழுவீர்கள். அதற்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யார் பெயரைச் சொல்வது?

பதில்: ஒரு நிமிஷத்தில் இரண்டு பெயருக்கு மேல் சொன்னால் ஒன்றும் நிற்காது. போஸ்டரில் இருக்கும் பெயர்களை மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள், நீங்கள் எங்கேயும் அச்சாகாத இரண்டு பெயரைச் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்கும் அவரிடம் கற்ற ஒரு வேலையைச் சேர்த்து. முன்கூட்டியே அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மேடைக்குப் பின்னால் இருப்பவர்களில் சிலருக்கு வெளிச்சம் தங்கள் மேல் விழுவது பிடிக்காது. சரி என்றால் லைட் ஆபரேட்டரிடமும் சொல்லி வையுங்கள், அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.