ஏற்காடு பார்த்தாகிவிட்டது. சேலத்தில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஆற்றங்கரையில் நல்ல சாப்பாடும் காட்சியும் எங்கே கிடைக்கும்?

பூலாம்பட்டிக்குப் போங்கள். மேட்டூரையும் சேர்த்துக்கொண்டால் நாள் நிறைந்துவிடும்.

சேலம் நகரத்துக்குள் திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் ஆறு என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். சேர்வராயன் மலையில் தெளிவாகப் பிறக்கிற தண்ணீரை ஊருக்குள் சாக்கடையாக்கி அனுப்புகிறோம். அதே மலையில் பிறக்கும் சரபங்கா, ஓமலூர், எடப்பாடிப் பக்கமாகப் போகிறது. மழை பெய்தால்தான் அதை ஆறு என்று சொல்லலாம். இரண்டும் போய்ச் சேருவது காவிரியில். ஆகவே எங்களுக்கு ஆற்று மீன், ஆற்றுக் குளியல் எல்லாமே காவிரிதான்.

பூலாம்பட்டி எடப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாரமங்கலம் வழியாகப் போனால் கைலாசநாதர் கோவிலில் இறங்கித் தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம். அவசரமாகப் பார்க்கிற கோவில் அல்ல அது. அதற்கப்புறம் வழி நெடுகச் சோளக்காடும் தறிச் சத்தமுமாக வறண்ட பூமி. எடப்பாடி தாண்டி ஆற்றை நெருங்க நெருங்க வாழையும் கரும்பும் தென்னையும் சூழ்ந்துகொள்ளும். ஆறு ஒருபுறம், மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய் இன்னொருபுறம் பாய்ந்து உண்டான பசுமை இது.

இங்கே காவிரி ஓடுகிறது என்பதைவிட நிற்கிறது என்று சொல்வதே சரி. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின் நிலையத்துக்காகத் தண்ணீரைத் தேக்குகிறது. அந்தத் தேக்கத்தால்தான் பூலாம்பட்டியில் கரைக்குக் கரை நீர் தளும்புகிறது. எதிர்க்கரை ஈரோடு மாவட்டம். நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போய்வருகிறது. சுற்றுலாப் பயணிகளோடு, சந்தைக்கும் வேலைக்கும் அக்கரை போகிற உள்ளூர்க்காரர்களும் ஏறுவார்கள். படகில் மேற்கே பார்த்து உட்காருங்கள். பாலமலைத் தொடர் முழுதும் தெரியும். "குட்டி கேரளா" என்று விளம்பரப்படுத்துகிறார்கள். காவிரிக்கு எதற்கு இன்னொரு மாநிலத்தின் பெயர் என்று எனக்கு எரிச்சல்தான் வரும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கரையோரக் கடைகளில் கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி என்று மீன்களை மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். சிவப்பு அதிகமாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் சாயப் பொடியின் வேலை. மசாலா தடவாத மீனைக் கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை மட்டும் போட்டுப் பொரித்துத் தரச் சொல்லுங்கள். கூட்டமில்லாத வேளையில் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். ஜிலேபி மீனைத் தோல் மொறுமொறுப்பாகும் வரை பொரித்தால் அதற்கு ஈடில்லை. கட்லா எனக்கு வறுவலில் பிடிக்காது. சதை தடித்து உள்ளே சப்பென்று இருக்கும். அதன் தலையும் நடுத்துண்டும் குழம்புக்கே உரியவை. மாங்காய்க் காலத்தில் போனால் புளியைக் குறைத்துப் புளிப்பு மாங்காய் போட்டு வைத்த குழம்பு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சுடுசோற்றைவிடக் கேழ்வரகுக் களிக்கு அந்தக் குழம்பு பொருத்தம். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். சென்னையில் இருந்து வருகிற என் மைத்துனருக்கு இது இன்னும் கைவரவில்லை. "கண்ணு, மீனோட களி சாப்பிடும்போது முள்ளைப் பார்த்துக்கொள்" என்று பரிமாறுகிற அக்கா எச்சரிப்பார். கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் வேண்டாதவர்களுக்கு எடப்பாடியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம். கரையில் சைவத்துக்கு அவ்வளவு கவனிப்பு இல்லை.

பிற்பகலில் மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை. ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பது அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் வந்தது. 120 அடி நிரம்பினால் உபரி நீர் 16 கண் மதகு வழியாக இறங்கும், அதைப் பார்க்க ஊரே திரளும். நீர் மிகவும் குறைந்த வருடமென்றால் அணைக்கு மேலே பண்ணவாடிப் பக்கம் போங்கள்: மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோவிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வந்திருக்கும். உழவர் வயிற்றில் அடிக்கிற வறட்சியில்தான் அந்தக் காட்சி கிடைக்கும் என்பதால் அதை ரசிப்பதா என்று மனம் தயங்கும்.

அணை முனியப்பன் கோவிலில் ஆடோ கோழியோ பலியிட்டு, அங்கேயே அடுப்புக் கூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்களைப் பார்க்கலாம். பக்கத்திலிருக்கிற மேச்சேரி, தன் பெயரிலேயே ஓர் ஆட்டினத்தைக் கொண்ட ஊர். அந்தக் கறியின் ருசியை இந்த விறகடுப்புக் குழம்பில்தான் முழுதாக உணர முடியும். ஆனால் விலைக்குக் கிடைக்காது. யாராவது உறவுக்காரர் கிடா வெட்டுக்கு அழைத்தால் மட்டும் உண்டு, அழைத்தால் தட்டாதீர்கள்.

எப்போது போவது? வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பார்கள். அதிலிருந்து பொங்கல் வரை ஆறு நன்றாக இருக்கும். ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் கால் வைக்க இடமிருக்காது. புதுமணத் தம்பதிகள் ஒருபக்கம், ஊர்ச் சாமி சிலைகளையும் வேல், அரிவாள்களையும் மேளத்தோடு கொண்டுவந்து நீராட்டுகிறவர்கள் மறுபக்கம். கூட்டம் ஒத்துக்கொள்ளும் என்றால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள், குழந்தைகளோடு வேண்டாம். வெள்ளம் வந்தாலும் கதவணையில் பராமரிப்பு வேலை நடந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றன்றைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு சேலம் திரும்பியதும் ஒரு தட்டுவடை செட் சாப்பிட வயிற்றில் இடம் வைத்திருங்கள். இரண்டு தட்டைகளுக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, இரண்டு சட்னி தடவி மூடித் தருவார்கள். கையில் வாங்கியவுடனே வாயில் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் தட்டை நமத்துப்போகும். பார்சல் வாங்காதீர்கள்.