ஒரு சமூகம் தன் பழைய கட்டடத்தை உண்மையாகவே மீட்டெடுத்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், கேனன் ஸ்குவேரில் உள்ள கூ கொங்சி. நான் வளர்ந்தது குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொங்சிக்கு நடந்தே போய்விடலாம். என் பள்ளித் தோழன் ஒருவன் அந்தக் குலத்துப் பிள்ளை. அவனால்தான் சுற்றுலாக்காரர்கள் பார்க்காத சில நாட்களில் அந்த முற்றத்தில் நிற்க எனக்கு வாய்த்தது.

கொங்சி என்பது குலச் சங்கம். ஒரே குடும்பப் பெயர், ஒரே மூதாதையர் கிராமம், ஒரே குலதெய்வம். பங்காளி என்ற சொல் தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலாய் மொழியில் இன்று கொங்சி என்றால் பகிர்ந்துகொள்வது என்றே பொருள். பள்ளியில் ஒரே ரொட்டியை இருவர் பிட்டுத் தின்றாலும் எங்களுக்கு அது கொங்சிதான். கூ குலத்தார் சீனாவின் ஃபூச்சியன் மாநிலத்தில் சின்காங் என்ற கிராமத்திலிருந்து வந்தவர்கள். பினாங்கில் கூ, சியா, இயோ, லிம், டான் என்ற ஐந்து ஹொக்கியன் (ஃபூச்சியன் வழிவந்த) குலங்களை 'ஐந்து பெருங்குலங்கள்' என்பார்கள். ஐந்துக்கும் ஜார்ஜ் டவுனில் சொந்தக் கோயில் உண்டு.

என் பதிலின் மையம் ஒரு கணக்கில் இருக்கிறது. 1835ஆம் ஆண்டு, கூ குலத்தைச் சேர்ந்த 102 பேர் சேர்ந்து 528 ஸ்பானிய டாலர் திரட்டினார்கள். அந்தப் பணம் கட்டடம் கட்டுவதற்காகச் சேர்த்ததில்லை. ஓங் சூன் யா என்ற தங்கள் குலதெய்வத்தின் வழிபாட்டைத் தவறாமல் நடத்துவதற்காகச் சேர்த்தது. நிலம் வாங்கி, அதிலிருந்த ஒரு பங்களாவைக் கோயிலாக மாற்றி, 'லியோங் சான் தோங்' என்று பெயர் வைத்தது 1851 வாக்கில். அந்தப் பெயருக்கு நாகமலை மண்டபம் என்று பொருள் சொல்லலாம், நாகம் என்றால் இங்கே பாம்பு அல்ல, சீனர்களின் டிராகன். ஆக, சுமார் பதினாறு ஆண்டுகள் கூட்டம் மட்டும் இருந்தது, கட்டடம் இல்லை. பின்னால் இந்தக் கட்டடம் மூன்று முறை சிதைந்து மூன்று முறை எழுந்ததற்கு இந்த வரிசைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். பினாங்கில் கிட்டங்கி என்ற தொழிற்கூடம் வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரும் கோயில் காரியத்துக்குப் புள்ளிக் கணக்கில்தான் பணம் சேர்ப்பார்கள். புள்ளி என்றால் மணமான ஒரு தம்பதி. ஒரு வீட்டுப் புள்ளி எங்கே வசித்தாலும் கணக்கில் இருக்கும். கூ குலத்தாரின் ஏடும் அப்படிப்பட்டதுதான் என்று தோழனின் அப்பா சொன்னபோது எனக்குச் சட்டென்று விளங்கியது.

அந்த மூன்று சிதைவுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கோயிலை இடித்துவிட்டு மிகப் பிரம்மாண்டமாக ஒன்றைக் கட்டினார்கள். கட்டி முடித்த சூட்டோடு, சீனப் புத்தாண்டை ஒட்டிய ஓர் இரவில், அது தீக்கிரையானது. பேரரசரின் அரண்மனையைப் போல் கட்டியது தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை என்று ஊர் பேசியது. அளவைக் குறைத்து மறுபடி கட்டி 1906இல் முடித்தார்கள். இன்று நாம் பார்ப்பது அதைத்தான். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசியபோது இந்தக் கோயிலும் அடிபட்டது. 1950களில் பழுது பார்த்தார்கள். மூன்றாவது எதிரி காலம். மழையும் கடற்காற்றும் கரையானும் சேர்ந்து அரித்ததை 1999 முதல் 2001 வரை நடந்த பெரிய சீரமைப்பில் சரிசெய்தார்கள். அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் தோழன் என்னை உள்ளே கூட்டிப்போனான். கோயிலைச் சுற்றிச் சாரம். கோயிலுக்கு நேர் எதிரே, தெய்வம் உட்கார்ந்த இடத்திலிருந்தே நாடகம் பார்க்கும்படி அமைந்த நாடக மேடை இருக்கிறது. அதன் நிழலில் சீனாவிலிருந்து வந்த கைவினைஞர் ஒருவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் வண்ண வண்ணமாகப் பீங்கான் கிண்ணங்கள்: பச்சை, மஞ்சள், நீலம், ரோஜா நிறம். சாப்பிடுவதற்குச் செய்தவை அல்ல. இந்த வேலைக்கென்றே மெல்லியதாகச் சுட்டெடுத்தவை. ஒரு கிண்ணத்தை எடுப்பார், குறட்டால் விளிம்பைக் கடிப்பார், 'டிக்' என்று ஒரு துண்டு விழும். அந்தத் துண்டில் கிண்ணத்தின் வளைவு அப்படியே இருக்கும். அந்த வளைவுதான் நாகத்தின் செதில், பூவின் இதழ், சேவலின் வால் இறகு. அவற்றை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்புக் காரையில் பதித்துக்கொண்டே போனால் கூரை முகட்டில் ஒரு நாகம் உயிர் பெறும். ஒரு செதில் கோணலாக விழுந்தது. அவர் அதை வலப்பக்கத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுத்தார். நாங்கள் அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஓர் உள்ளங்கை அகலம்கூட முடியவில்லை.

"மேலே போய்விட்டால் கீழிருந்து யாருக்கும் செதில் தெரியாதே, ஏன் இவ்வளவு நுணுக்கம்?" என்று நான் தோழனின் அப்பாவிடம் கேட்டேன். அவர் முகட்டைப் பார்த்தபடியே, "கீழிருந்து பார்ப்பவர்களுக்காக மட்டுமா கூரை போடுகிறோம்?" என்றார். அந்த வேலைக்கு நன்கொடை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆயர் ஈத்தாம் என்ற புறநகரிலிருந்து வாரம் இருமுறை பஸ் பிடித்து வந்து, வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. ஜார்ஜ் டவுனின் பழைய செங்கல் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதோடு ஏறி வந்த உப்பு செங்கலைப் பொடியாக்கும். எங்கள் பழைய வாடகை வீட்டின் சுவரில் இதைப் பார்த்திருக்கிறேன். விரலால் தேய்த்தால் சிவப்பு மாவு கொட்டும். அழகாக்குகிறோம் என்று சிமெண்டைப் பூசிக் கெடுத்த கட்டடங்கள் அந்த ஊரில் எத்தனையோ. பழைய கட்டடத்தில் கைவைக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நல்ல சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடுங்கள், வண்ணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வியில் உள்ள 'உண்மையாகவே' என்ற சொல்லுக்கு இனி வருகிறேன். வேலை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, டிசம்பர் மாதம் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளன்று தோழன் என்னை அழைத்தான். சீனர்கள் முன்னோரை வணங்கும் நாட்களில் அது முக்கியமானது. ஏப்ரலில் வரும் செங் பெங் மற்றொன்று. மண்டபத்தின் ஒரு பக்க அறையில் முன்னோரின் பெயர்ப் பலகைகள் படிப்படியாக அடுக்கியிருக்கின்றன. அதன் முன்னே சுட்ட முழுப் பன்றி, பழங்கள், பாகில் மிதக்கும் சிவப்பும் வெள்ளையுமான மாவுருண்டைகள். அந்த உருண்டையைத் தின்றால் ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்கு. முதியவர்கள் முதலில் ஊதுபத்தி ஏற்றினார்கள், பிறகு நடுவயதினர், கடைசியில் பிள்ளைகள். ஊதுபத்திப் புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது.

அங்கே ஒரு வேடிக்கையான காட்சியையும் பார்த்தேன். சீனக் குலங்களில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பொதுவாக ஓர் எழுத்து உண்டு. அந்தத் தலைமுறையில் பிறந்தவர்களின் பெயரில் அது இடம்பெறும். அன்று ஒரு பெரியவர், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பத்து வயதுப் பையனிடம் பெயர் கேட்டார். பையன் சொன்னதும் பெரியவர் உரக்கச் சிரித்துவிட்டார். எழுத்தின்படி பையன் அவருக்குச் சித்தப்பா முறை. "சித்தப்பா, முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்" என்று தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். பையனுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவன் அந்த இடத்தை இனி எப்படி மறப்பான்!

மண்டபத்தின் சுவர்களில் பொன்னெழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. குலத்தில் பட்டமும் பதவியும் பெற்றவர்களின் பெயர்கள் அவை. சீனப் பேரரசின் காலத்துப் பட்டங்களோடு, அண்மைக் காலத்து வழக்கறிஞர், மருத்துவர், முனைவர் பட்டங்களும் இருக்கின்றன. வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் அங்கே வந்தால் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தச் சுவரைத்தான். தெய்வத்துக்கு இரண்டாவது பார்வைதான் கிடைக்கிறது.

மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கோயிலைச் சுற்றியிருக்கும் வரிசை வீடுகளில் ஒரு காலத்தில் குலத்தாரே குடியிருந்தார்கள். 1867இல் சீனச் சங்கங்களுக்கிடையே பெருங்கலவரம் மூண்டபோது, குறுகலான சந்துகள் வழியாக மட்டுமே நுழையக்கூடிய இந்த வளாகம் ஒரு கோட்டை போலப் பயன்பட்டது. தோழனின் தாத்தா காலத்தில் மாலையானால் அந்த முற்றத்தில் பிள்ளைகள் இரைச்சல் போடுமாம். இன்று அந்த வாழ்க்கை இல்லை. நகரம் முழுவதுமே மாறிவிட்டது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு நீங்கியது. அந்த அலையில்தான் எங்கள் குடும்பமும் எங்கள் வாடகை வீட்டை விட்டு அடுக்ககத்துக்குப் போனது. அம்மா இன்றும் அந்த வீட்டின் காற்றுவெளியைப் பற்றிப் பேசுவார். நடுவில் மழை விழும் அந்தச் சிறு முற்றத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நான் மகிழ்ந்தேன், அழவும் செய்தேன். கட்டடம் இருந்தது. குடியிருந்தவர்களில் பலர் இல்லை.

அதனால்தான் கூ குலத்தாரின் அந்த முன்னோர் வழிபாட்டு நாட்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. பக்கத்து வீட்டில் இருந்தபோது தானாக நடந்த சந்திப்பை, இப்போது நாள் குறித்து, அழைப்பு அனுப்பி, சமைத்து வைத்து நடத்த வேண்டியிருக்கிறது. அதை யாரோ சிலர் ஆண்டுதோறும் தலைமேல் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். டிக்கெட் வருமானமும் வாடகையும் கூரைக்கு உதவும். பையனுக்குத் தட்டை நகர்த்தி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

பினாங்குக்குப் போகிறவர்களுக்கு: கேனன் தெருப் பக்கத்துச் சந்து வழியாகக் காலையிலேயே நுழையுங்கள், வெயில் முகட்டில் விழும்போது பீங்கான் துண்டுகள் மின்னும். உள்ளே போவதற்கு முன் கல்லில் செதுக்கிய சீக்கியக் காவலர்களைப் பாருங்கள். சீனக் கோயிலுக்குத் தலைப்பாகை கட்டிய காவல். மண்டபத்துக்குக் கீழே அருங்காட்சியகம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். நேரம் மிச்சமிருந்தால் ஆர்மேனியன் தெருவில் சியா கொங்சிக்கும் போய்வாருங்கள். 1810இல் தொடங்கிய அது ஐந்து பெருங்குலச் சங்கங்களில் மூத்தது, அதையும் சீரமைத்திருக்கிறார்கள். அங்கே கூட்டம் குறைவு. நிழலில் உட்கார்ந்து கூரையை நிதானமாகப் பார்க்கலாம்.