3-ஆன்-3 கேள்வி பதில்: பால் யார் கைக்கு வருது, அதைப் பாருங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல 3-ஆன்-3 பத்திதான், அதாவது அரை கோர்ட்ல ஒரே ரிங்ல டீமுக்கு மூணு பேர் ஆடற பாஸ்கெட்பால். நல்லது. ஆனா வயசு, உயரம், எங்க ஆடறீங்க எதுவுமே எழுதாம "எப்படி இம்ப்ரூவ் பண்றது சார்"னு ஒத்த வரில கேட்டவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. விவரத்தோட திரும்ப எழுதுங்க.

கேள்வி: பையனுக்கு 9 வயசு. அகாடமில ஃபுல் கோர்ட் 5-ஆன்-5 ஆட விடறாங்க. நான் 3-ஆன்-3 போதும்னு நினைக்கிறேன், சரியா? (கோவை)

சரிதான். ஒரு பாலை 10 பேர் பங்கு போடறதுக்கும் 6 பேர் பங்கு போடறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாமே. 28 மீட்டர் கோர்ட்ல 9 வயசுப் பசங்களை விட்டா கொஞ்சம் வளர்ந்த, வேகமான ஒரு பையன் பாலை எடுத்துட்டு இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் போய் லே-அப் (ஓடி வந்து ரிங் பக்கத்துலேருந்து போடற ஷாட்) போட்டுடுவான், மத்தவங்க பின்னாடியே ஓடிட்டு வருவாங்க, உங்க பையன் ஒரு மணி நேரத்துல நாலு தடவை பாலைத் தொட்டிருந்தா அதிகம். மூணு பேர்னா அப்படி ஒளிஞ்சு நிக்கவே முடியாது, பாஸ் வந்தே தீரும், வந்ததும் ஷூட்டா டிரைவா பாஸான்னு அவனே முடிவு பண்ணணும். பால் சைஸ் 5, ரிங் 2.60 மீட்டர், அதுதான் மினி பாஸ்கெட்பால் அளவு. ரிங்கை இறக்க முடியலன்னா போர்டுல படற மாதிரி பக்கத்துலேருந்து ஷூட் பண்ணச் சொல்லுங்க, தோள்லேருந்து பாலைத் தூக்கி எறியப் பழக்கிடாதீங்க, அந்தப் பழக்கத்தை 15 வயசுல மாத்தறது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: பாஸ்கெட்பால் ஆடினா உயரம் வளருமா?

வளராது. மாசாமாசம் இதே கேள்வி வருது. உயரமா இருக்கறவங்களை டீமுக்கு எடுக்கறாங்க, அவ்வளவுதான்.

கேள்வி: 3-ஆன்-3ல ஆர்க்குக்கு (ரிங்கைச் சுத்தி இருக்கற வளைவுக் கோடு) வெளியேருந்து போட்டா 3 பாயிண்ட் தானே? (திருச்சி)

இல்ல. உள்ள 1, வெளிய 2, ஃப்ரீ த்ரோ 1. 10 நிமிஷம், இல்லன்னா யாரு முதல்ல 21 எடுக்கறாங்களோ அவங்க. ஷாட் கிளாக் 12 செகண்ட், அதுக்குள்ள ஷாட் போட்டாகணும். இங்க ஒண்ணு கவனிங்க, 5-ஆன்-5ல வெளிய போடற ஷாட்டுக்கு ஒன்றரை மடங்குதான் மதிப்பு, இங்க முழுசா ரெண்டு மடங்கு. வெளியேருந்து மூணுல ஒண்ணு போடறவன், உள்ள மூணுல ரெண்டு போடறவனுக்குச் சமம். அதனால ஷூட்டரை விட்டுட்டு ரிங் கீழ போய் நிக்கற டிஃபென்ஸ் இங்க எடுபடாது.

கேள்வி: வயசு 42, ஐடி வேலை, காலேஜ்ல ஆடினது. எங்க அபார்ட்மெண்ட்ல சனிக்கிழமை 3-ஆன்-3 ஆரம்பிச்சிருக்காங்க. அரை கோர்ட்தானே, ஈஸியா இருக்கும்ல? (சோழிங்கநல்லூர்)

ஈஸியா இருக்காது. ஃபுல் கோர்ட்ல பால் அந்தப் பக்கம் போனா நடந்து வர ரெண்டு மூணு செகண்ட் கிடைக்கும், இங்க அது கிடையாது, கூடை விழுந்த அடுத்த செகண்டே நீங்க டிஃபென்ஸ். அதனால மூச்சு நல்லா வாங்கும். ஆனா பெரியவங்களுக்கு இதைவிட நல்ல ஆட்டம் சொல்ல மாட்டேன், காரணம் காலை 6 மணிக்கு 10 பேரைச் சேர்க்க முடியாது, 6 பேரைச் சேர்த்துடலாம், அதனால ஆட்டம் நிக்காம வாராவாரம் நடக்கும். ஒரு டீமுக்கு நாலு பேர் வெச்சுக்கோங்க, டெட் பால் (ஆட்டம் நிக்கறது) ஆகும்போதெல்லாம் ஆளை மாத்துங்க. பிபி, சுகர் இருந்தா டாக்டரைக் கேக்காம இறங்க வேண்டாம். பத்து நிமிஷமாவது வார்ம்-அப், கெண்டைக்காலை விடாதீங்க, வருஷக்கணக்கா உக்காந்திருந்துட்டு திடீர்னு பாய்ஞ்சா குதிகால் தசைநார் அறுந்துபோகலாம். ரன்னிங் ஷூ போட்டு இறங்காதீங்க. அது நேரா ஓடறதுக்கு, பக்கவாட்டுல திரும்பினா கணுக்கால் மடங்கிடும்.

கேள்வி: 3-ஆன்-3க்கு என்ன பால்?

சைஸ் 6, ஆனா எடை சைஸ் 7ஓடது. ஆண், பெண் ரெண்டு பேருக்கும் அதேதான்.

கேள்வி: நான் காலேஜ் பொண்ணுங்க டீம்ல சென்டர் (ரிங் கீழ ஆடற உயரமான ஆள்). 3-ஆன்-3 டோர்னமெண்ட் ஆட பர்மிஷன் கேட்டா எங்க கோச் "ஆட்டம் கெட்டுப்போகும், செட் பிளே மறந்துடும்"னு விட மாட்டேங்கறார். நிஜமாவே கெட்டுப்போகுமா? (திருநெல்வேலி)

கெட்டுப்போகாதும்மா. இதைப் பத்தி நான் எத்தனையோ தடவை எழுதிட்டேன், இன்னும் எழுதுவேன்.

நம்ம ஊர்ல உயரமான பொண்ணு கிடைச்சா ஏழாவதுலயே ரிங் கீழ நிறுத்திடறாங்க, "பால் வந்தா போடு, இல்லன்னா ரீபவுண்ட் எடு, டிரிபிள் பண்ணாத." காலேஜ் வரும்போது அவளுக்கு முகத்தைத் திருப்பி ரிங்கைப் பாக்கத் தெரியாது, ஆர்க்ல பாலை வாங்கினா பயம். இன்னும் கொஞ்சம் மேல போனா எதிர் டீம்லயும் அதே உயரத்துல ஆள் இருக்கும், அப்ப என்ன பண்ணுவா? 3-ஆன்-3ல எதிர் டீம் ஷாட் தவறி ரீபவுண்ட் எடுத்தா சென்டரானாலும் பாலை ஆர்க்குக்கு வெளிய கொண்டுபோய்தான் ஆகணும், ஸ்கிரீன்ல (வழியை மறிச்சு நிக்கறது) ஸ்விட்ச் ஆகி ஆள் மாறினா கார்டை (வெளிய நின்னு பாலைக் கையாளற ஆள்) தனியா காக்கணும், ஹெல்ப்புக்கு ஆள் கிடையாது. இதெல்லாம் 5-ஆன்-5க்கு வேண்டாத திறமையா?

உங்க கோச் சொல்றதுல ஒரு பங்கு உண்மை இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஃபாஸ்ட் பிரேக், பிரெஸ் (கோர்ட் முழுக்க நெருக்கற டிஃபென்ஸ்) உடைக்கறது, அஞ்சு பேர் சேர்ந்து ஓட்டற செட் பிளே எதுவும் இதுல வராது. அதுக்கு உங்க டீம் பிராக்டிஸ் இருக்கு. ரெண்டும் ஆடுங்க.

எனக்குத் தெரிஞ்சு பல கோச்சுகளுக்கு நிஜமான சங்கடம் வேற. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 3-ஆன்-3 மேட்ச்ல கோச் பெஞ்சுல உக்காரல, டைம் அவுட்ல பேசறதும், ஆளை மாத்தறதும், கடைசி ஷாட் யாருக்குன்னு சொல்றதும் பிளேயர்ஸ்தான். 2024 ஆண்கள் ஃபைனல்ல நெதர்லாந்து ஓவர்டைம்ல பிரான்ஸை 18-17ல ஜெயிச்சுது, வொர்தி டி ஜாங் வெளியேருந்து போட்ட ஷாட்தான் ஆட்டத்தை முடிச்சுது, அந்த நேரத்துல சைட்லைன்லேருந்து "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு"னு யாரும் கத்தல. நம்ம மேட்ச்ல ஒவ்வொரு பாஸுக்கும் கோச் கத்தறார், பசங்க பாலைக் கையில வெச்சுக்கிட்டு ரிங்கைப் பாக்காம கோச் முகத்தைப் பாக்கறாங்க. முடிவெடுக்கப் பழகாத பிளேயர் கடைசி நிமிஷத்துல திடீர்னு எப்படி முடிவெடுப்பா? கோச்சுகளே, பிராக்டிஸ்ல தினமும் 20 நிமிஷம் 3-ஆன்-3 விடுங்க, அந்த 20 நிமிஷமும் வாயைத் திறக்காதீங்க. முடிஞ்சப்புறம் பேசுங்க.

சீசன் இல்லாத மாசத்துல டோர்னமெண்ட் ஆட விடச் சொல்லி திரும்பக் கேளும்மா. பொறுமையா கேளு, சண்டை வேண்டாம்.

கேள்வி: கவர்மெண்ட் ஸ்கூல் பி.இ.டி. நான். ஒரு கோர்ட், 24 பசங்க, 6 பால். லே-அப் லைன் போட்டா ஒழுங்கா நிக்கறாங்க, 3-ஆன்-3 விட்டா கும்பலாயிடுது. என்ன பண்ணலாம்?

லைன்ல ஒழுங்கா நிக்கறாங்க, ஆனா நிக்கத்தான் செய்றாங்க சார். நாலு நாலு பேரா 6 டீம். ஒரு ரிங்குக்கு மூணு டீம், ரெண்டு டீம் ஆடட்டும், மூணாவது டீமுக்கு மிச்சமிருக்கற பாலைக் கொடுத்து ஓரமா டிரிபிளிங். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு விசில், டீம் மாறணும். ஜெயிச்ச டீம் உள்ளயே இருக்கும்கற ரூல் வேண்டாம், நல்லா ஆடறவங்களே ஆடிட்டு இருப்பாங்க, கத்துக்க வேண்டியவன் வெளிய உக்காந்திருப்பான். சோன் டிஃபென்ஸ் (ஆளை விட்டு இடத்தைக் காக்கறது) கூடாது, ஆளுக்கு ஆள்.

கேள்வி: எங்க காலனில ஒவ்வொரு கூடைக்கும் செக் பால் (ஆர்க்குக்கு வெளிய எதிராளிகிட்ட பாலைக் கொடுத்து வாங்கி ஆரம்பிக்கறது) போடறோம். சரியா? (மதுரை)

தப்பு. கூடை விழுந்ததும், போடாத டீம் ரிங் கீழயே பாலை எடுத்து நேரா ஆர்க்குக்கு வெளிய கொண்டுபோகணும். செக் பால் ஃபவுலுக்கும், பால் வெளிய போனதுக்கும்தான். உங்க முறைல ஆட்டம் பாதி நேரம் நின்னுபோகும், பேச்சும் சண்டையும் அங்கதான் ஆரம்பிக்குது.

கேள்வி: 10 நிமிஷம் முடிஞ்சு டை ஆனா?

ஓவர்டைம். முதல்ல 2 பாயிண்ட் எடுக்கற டீம் வின்னர்.

கேள்வி: மொட்டை மாடில ரிங் மாட்டலாம்னு இருக்கோம். எவ்வளவு இடம் வேணும்?

முறையான கோர்ட் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். அதைவிடக் கொஞ்சம் குறைஞ்சா 2-ஆன்-2 ஆடுங்க, அதுவும் நல்ல ஆட்டம்தான். ஆனா கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், வலை கட்டுவீங்களா, தரை டைல்ஸா சிமெண்டான்னு ஒண்ணுமே எழுதலையே! டைல்ஸ்னா வேண்டாம், மழைத் தண்ணி பட்டா வழுக்கும். ஆள் உயரத்துக்கு மேல வலை கட்டாம ஒரு பாலைக்கூட மேல கொண்டுபோகாதீங்க. அங்கயும் ரன்னிங் ஷூ கூடாது.